படகுக் கட்டுரையில் விட்டுப்போன எஞ்சின் அறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் போர்க்காலக் காவல் படகுகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். விமானந்தாங்கி, நீர்மூழ்கி என்று பெரிய உருப்படிகளைப் பற்றியே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கும்போது, பத்துப் பதினைந்து பேர் ஏறினாலே நிரம்பிவிடுகிற மரப் படகுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியது நல்ல காரியம். அதற்கு நன்றி. ஆனால் இரண்டாம் முறை படிக்கும்போது மூன்றாவது பத்தியிலேயே பென்சிலைத் தேடி எடுத்துவிட்டேன், பக்கம் முடிவதற்குள் ஓரமெல்லாம் கிறுக்கலாகிவிட்டது. அந்தக் கிறுக்கலைத்தான் இப்போது கடிதமாக எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் அறையைப் பற்றி வரும் பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் கடற்படைக்காரன் இல்லை. முப்பத்தொரு வருடம் படகு எஞ்சின்களோடு மாரடித்த மெக்கானிக், அதில் பாதிக் காலம் ரோந்துப் படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில். போர் எதையும் நேரில் பார்த்ததில்லை, அதனால் வீரத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. கிரீஸைப் பற்றிப் பேசலாம்.

முதலில் படம். 'கென்னடி ஓட்டிய வகைப் படகு' என்று கீழே போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது அது இல்லை, பிரிட்டனின் ஃபேர்மைல் பி என்ற மோட்டார் லாஞ்ச். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான கென்னடி இரண்டாம் உலகப்போரில் ஓட்டிய எல்கோ பி.டி. படகு, அதாவது தண்ணீருக்கடியில் பாய்ந்து வெடிக்கிற டார்ப்பிடோவை ஏந்திய ரோந்துப் படகு, 80 அடி நீளம். அடியும் பக்கமும் சேருகிற இடத்தில் காகிதத்தை மடித்த மாதிரி ஒரு கூரான விளிம்பு இருக்கும், வேகம் எடுத்ததும் தண்ணீருக்கு மேலே ஏறி வழுக்கிக்கொண்டு போவதற்காக அப்படிக் கட்டியது. ஃபேர்மைல் பி 112 அடி, உருண்ட வயிறு, தண்ணீரை வகிர்ந்துகொண்டுதான் போகும், 20 நாட்தான் அதன் உச்சம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). உங்கள் படத்தில் உள்ள வயிறு உருண்டை. படகுக்காரன் எவனிடம் காட்டினாலும் சொல்லிவிடுவான்.

அடுத்து வேகம். பி.டி. படகு மணிக்கு 120 கிலோமீட்டர் போனது என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அதன் உச்ச வேகம் 41 நாட், அதாவது சுமார் 76 கிலோமீட்டர். ஒரு முறை கிலோமீட்டராக மாற்றியதை மைல் என்று நினைத்து மறுபடியும் மாற்றிவிட்டார் போலிருக்கிறது, பெருக்கிப் பார்த்தால் கணக்கு சரியாக அங்கேதான் போய் நிற்கிறது. அந்த 41கூட புதுப் படகு, சுத்தமான அடிப்பாகம், அமைதியான கடல் எல்லாம் சேர்ந்தால்தான். போர்முனையில் துப்பாக்கி மேல் துப்பாக்கியாக ஏற்ற ஏற்ற அது குறைந்துகொண்டே போனது.

மூன்றாவது, 'ஒட்டுப்பலகையால் செய்த படகு'. இது உங்கள் கட்டுரையாளர் கண்டுபிடித்த தவறு இல்லை, உலகம் பூராவும் சுற்றுகிற தவறு. பி.டி. படகின் உடம்பு அசல் மஹோகனிப் பலகை, ஒரு அங்குலக் கனம், சாய்வாக ஒரு அடுக்கு, அதன் மேல் எதிர்ச் சாய்வில் இன்னொரு அடுக்கு, இரண்டுக்கும் நடுவே பசை ஊறிய கித்தான் துணி. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஆயிரக்கணக்கில் வெண்கலத் திருகாணியும் செம்பு ரிவெட்டும். மரம் மரம்தானே, எதுவானால் என்ன என்று கேட்பீர்கள். ரொம்ப வித்தியாசம் இருக்கிறது. பலகைப் படகில் குண்டு துளைத்தால் அந்த இடத்துப் பலகைகளை மட்டும் கழற்றி, அளவெடுத்து, புதுப் பலகையை வைத்துத் தைத்துவிடலாம். பெரிய துறைமுகம், பெரிய தளம் எதுவும் தேவையில்லை. ஒரு தீவின் ஓரம், நாலு தச்சர்கள், இழைப்புளி, சுத்தியல் போதும். பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் அப்படித்தான் நடந்தது, முன்னணித் தளத்தில் இருந்த ஆட்களே படகைச் சரிசெய்து திருப்பி அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இது என் கைக்குத் தெரிந்த வேலை. செம்பு ரிவெட் அடிப்பதற்கு எப்போதும் இரண்டு ஆள் வேண்டும். வெளியே நிற்பவர் ஆணியின் தலையில் கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பார். உள்ளே குனிந்திருப்பவர் ஆணி முனையில் ஒரு செம்பு வில்லையை மாட்டி, நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிட்டு, சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி மழுக்குவார். நடுவில் பலகை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. எங்கள் பட்டறையில் பேச்சே கிடையாது, உள்ளே இருந்து ஒரு தட்டு என்றால் 'பிடி', இரண்டு தட்டு என்றால் 'அடுத்ததுக்குப் போ'. வெளியே இருப்பவர் ஒரு நொடி கவனம் தவறிக் கட்டையைத் தளர்த்தினால் ரிவெட் இறுகாது, மேலுக்கு நன்றாகத் தெரியும், கடலில் ஒரு மாதம் அடிபட்ட பிறகு அந்த ஒரு இடத்தில் தண்ணீர் கசியும். ஒரு படகுக்கு ஆயிரக்கணக்கில் இப்படி. அப்படிப் படகுகளை நூற்றுக்கணக்கில், அதுவும் போர்க்கால அவசரத்தில் கட்டினார்கள் என்றால் எத்தனை ஜோடிக் கைகள் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கட்டுரையில் ஒரு தச்சர்கூட வரவில்லை.

சரி, தச்சர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி. 1939-ல் பிரிட்டனின் பெரிய கப்பல் தளங்களெல்லாம் பெரிய கப்பல்களிலேயே மூழ்கிக் கிடந்தன, சின்னப் படகு கட்ட இடமும் இல்லை, ஆளும் இல்லை. அப்போது நோயல் மேக்லின் என்று ஒருவர், படகுக்காரர்கூட இல்லை, கார் தயாரித்தவர், ஒரு யோசனையோடு கடற்படையிடம் போனார். படகைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதற்கு ஏற்ற சின்னப் பட்டறையில் செய்யவைத்து, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி நதிக்கரையிலும் கடற்கரையிலும் இருக்கிற சின்னச் சின்னப் படகுத் துறைகளுக்கு அனுப்பி, அங்கே கோத்துக்கொள்ள வேண்டியது. அவருடைய இடத்தின் பெயர் ஃபேர்மைல், படகுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் வகை சுமாராகத்தான் இருந்தது, 12 படகோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு கடற்படையே வரைந்து கொடுத்த பி வகையை அதே முறையில் கட்ட ஆரம்பித்ததும்தான் வண்டி ஓட ஆரம்பித்தது. உள்நாடு, வெளிநாடு எல்லாம் சேர்த்துச் சுமார் 650 படகுகள். கனடா தன் கடற்படைக்கு மட்டும் 80 கட்டிக்கொண்டது, அங்கே பணக்காரர்களின் ஏரிப் படகுகளைக் கட்டிப் பழகிய பட்டறைகளிலும்கூட.

மேஜை நாற்காலி செய்தவர்களும் பியானோ செய்தவர்களும் இந்தப் படகுகளுக்குப் பாகங்கள் அறுத்துக் கொடுத்தார்கள். உங்கள் கட்டுரையாளர் தேடிய ஒட்டுப்பலகை உண்மையில் இங்கேதான் இருக்கிறது: ஃபேர்மைலின் குறுக்குச் சட்டங்கள், நம் ஊர்த் தோணிக்காரர்கள் வங்கு என்கிறார்களே அது, ஒட்டுப்பலகையில் அச்சு வைத்து அறுத்தவை. நீளவாட்டுக் கட்டைகள் வந்து உட்காருவதற்கான வெட்டுப் பள்ளங்கள்கூட முன்கூட்டியே அறுத்து வந்துவிடும். படகின் முதுகெலும்பான ஏராக்கட்டையை நேராகப் படுக்கவைத்து, சட்டங்களை வரிசையாக நிறுத்தி, பள்ளத்தில் கட்டைகளைச் செருகினால் படகின் எலும்புக்கூடு நின்றுவிடும். வழக்கமாகப் படகு கட்டுகிறபோது இந்த நிலைக்கு வருவதற்குள் மூத்த மேஸ்திரி ஒருவர் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்து, 'இங்கே அரை விரல் எடு, அங்கே கால் விரல் சீவு' என்று சொல்லிக்கொண்டே நாள்களைக் கடத்துவார். மேக்லின் அந்த மேஸ்திரியின் கண்ணைத் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் உண்டு, அது வேறு கதை.

இன்னொரு கெட்டிக்காரத்தனம், மேல்தளத்தில் முன்கூட்டியே துளையிட்ட இரும்புப் பட்டைகளைப் பதித்துவிட்டார்கள். துப்பாக்கி, டார்ப்பிடோ குழாய், கண்ணிவெடி, நீர்மூழ்கிக்கு எதிரான ஆழ்வெடி, எது வேண்டுமோ அதைக் கொண்டுவந்து அந்தத் துளைகளில் போல்ட் போட்டு இறுக்கிக்கொள்ளலாம். 48 மணி நேரத்துக்குள் ஒரே படகு வேறு வேலைக்கு மாறிவிடும். கட்டும்போதே நாளைக்கு என்ன வேலை வரும் என்று தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு கட்டிய படகு அது. நான் வேலை பார்த்த பட்டறைக்கு வந்த சில படகுகளில் ஒரு விளக்குக் கம்பத்தை நகர்த்துவதற்குப் பாதித் தளத்தைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

இனி எஞ்சின். பி.டி. படகுகளில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அது பேக்கார்ட் நிறுவனத்தின் சொந்த எஞ்சின், அவர்களுடைய பழைய விமான எஞ்சினிலிருந்து கடலுக்கு மாற்றியது, 12 சிலிண்டர், சுமார் 41 லிட்டர் கொள்ளளவு, ஆரம்பத்தில் 1,200 குதிரைத்திறன், போர் முடிவதற்குள் 1,500. ஒரு படகுக்கு மூன்று. அதே பேக்கார்ட் நிறுவனம் போர்க்காலத்தில் மெர்லினையும் உரிமம் வாங்கித் தயாரித்தது, குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

படகு கட்டுகிறவனுக்கு மரம் இரண்டாவது கவலை. முதல் கவலை எஞ்சின் கிடைக்குமா என்பது. பிரிட்டனில் வோஸ்பர் நிறுவனம் அருமையான டார்ப்பிடோ படகு ஒன்றை வடிவமைத்து வைத்திருந்தது, அதற்கு எஞ்சின் எங்கிருந்து? இத்தாலியின் இசோட்டா ஃபிராஸ்கினி. 1940 ஜூன் மாதம் இத்தாலி எதிரணியில் சேர்ந்து போருக்கு வந்தது, அவ்வளவுதான், எஞ்சின் வரத்து நின்றுபோனது. உடம்பு தயாராக இருக்கிறது, உயிர் எதிரி நாட்டில் இருக்கிறது. கடைசியில் அமெரிக்க எஞ்சின்களை வைத்துச் சமாளித்தார்கள், பேக்கார்ட் வந்து சேர்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஃபேர்மைல் பி கதையும் இதேதான். மூன்று எஞ்சின் வைப்பதாகத்தான் முதலில் திட்டம், அமெரிக்காவின் ஹால் ஸ்காட் எஞ்சின்கள் போதாமல் இரண்டோடு நிறுத்தினார்கள். வேகம் குறைந்தது, ஆனால் அதே எஞ்சின் எண்ணிக்கையில் கூடுதல் படகுகள் கடலுக்கு வந்தன. அந்த முடிவை எடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

அப்புறம் பெட்ரோல். இந்த எஞ்சின்கள் எல்லாம் டீசல் குடிப்பவை இல்லை. பி.டி. படகின் தொட்டிகளில் 3,000 காலன், அதாவது 11,000 லிட்டருக்கு மேல், 100 ஆக்டேன் விமான பெட்ரோல். முழு வேகத்தில் ஓட்டினால் ஆறு மணி நேரம் சொச்சத்தில் தீர்ந்துவிடும். முன்னணித் தளங்களில் பம்பும் குழாயும் இல்லாத இடத்தில் 55 காலன் பீப்பாயைச் சாய்த்துத்தான் நிரப்பினார்கள், ஒரு படகுக்கு ஏறக்குறைய 55 பீப்பாய். பீப்பாயில் துருவும் தண்ணீரும் கலந்திருக்கும் என்பதால் மெல்லிய ஷாம்மித் தோலில் வடிகட்டி ஊற்ற வேண்டும், தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு வந்த அதே ஆட்கள் பகல் வெயிலில் நின்று இந்த வேலையைச் செய்தார்கள். கட்டுரையில் 'இரவு வேட்டை முடிந்து படகுகள் தளத்துக்குத் திரும்பின' என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த வரிக்குப் பிறகு நடந்தது இது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, படகின் அடிவயிற்றுப் பள்ளத்தில், பில்ஜ் என்போமே, அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். என் வாழ்க்கையில் டீசலோடுதான் அதிகம் பழகியிருக்கிறேன், ஆனால் ஒரு முறை பழைய பெட்ரோல் லாஞ்ச் ஒன்று வேலைக்கு வந்தது. உரிமையாளருக்கு அவசரம், 'ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டு போதும்' என்று நின்றார். காற்றை வெளியேற்றும் விசிறியைப் பத்து நிமிடமாவது ஓடவிட வேண்டும், மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும், இரண்டையும் நான் செய்யவில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தினேன். சத்தம்கூட பெரிதாக இல்லை, 'புஸ்' என்று ஒரு நீலம், காலடியில் இருந்த மூடிப் பலகைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு சாண் எழும்பி விழுந்தன. என் புருவமும் முன்நெற்றி முடியும் போயின, அதோடு தப்பித்தேன். தொட்டியில் இருந்தது இருபது லிட்டர்தான்.

இதை வைத்துக்கொண்டு 1942 மார்ச் 28 அதிகாலையில் ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்ஸின் செயின்ட் நசேர் துறைமுகத்தில் பிரிட்டன் நடத்திய தாக்குதலை யோசியுங்கள். வெடிமருந்து நிரப்பிய கேம்ப்பெல்டவுன் என்ற பழைய நாசகாரிக் கப்பலைக் கொண்டுபோய் கப்பல்களைப் பழுதுபார்க்க அங்கிருந்த பெரிய உலர்துறையின் கதவில் மோதுவது திட்டம், கூடவே கமாண்டோக்களை ஏற்றிக்கொண்டு 16 ஃபேர்மைல் பி படகுகள். தூரம் அதிகம், உள்தொட்டி போதாது, அதனால் மேல்தளத்திலேயே கூடுதல் பெட்ரோல் தொட்டிகளைக் கட்டியிருந்தார்கள். மரப் படகு, கவசம் கிடையாது, தளத்தின் மேல் பெட்ரோல், அந்த நிலையில் இரண்டு கரையிலும் பீரங்கிகள் வரிசையாக நிற்கிற லுவார் ஆற்றின் வாய்க்குள் நுழைந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்தன, கொட்டிய பெட்ரோல் ஆற்றின் மேலேயே எரிந்தது. மோதல் வெற்றி, கதவு வெடித்துச் சிதறியது, அந்த உலர்துறை போர் முடியும்வரை உபயோகத்துக்கு வரவில்லை. ஆனால் போன 16 மோட்டார் லாஞ்ச்களில் இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தவை மூன்று. சுமார் 600 பேரில் 169 பேர் இறந்தார்கள். தாமஸ் டரண்ட் என்ற தரைப்படை சார்ஜென்ட் இந்தப் படகுகளில் ஒன்றான 306-ன் தளத்தில் நின்று, உடம்பெல்லாம் காயத்தோடு, ஒரு ஜெர்மன் போர்க்கப்பலை எதிர்த்துக் கடைசிவரை சுட்டு இறந்தார். அவருடைய துணிச்சலை எடுத்துச் சொல்லிப் பரிந்துரைத்தவர் அந்த எதிரிக் கப்பலின் அதிகாரியே. பிறகு பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. உங்கள் கட்டுரை இந்தச் சண்டைக்கு அரை வரி கொடுத்திருக்கிறது, அதுவும் 'சிறுபடகுகள் துணை செய்தன' என்று.

எதிர்ப்பக்கம் இந்தச் சங்கடம் இல்லை. ஜெர்மனியின் வேக டார்ப்பிடோ படகுகளான எஸ் படகுகள் டீசலில் ஓடின, டெய்ம்லர் பென்ஸின் 20 சிலிண்டர் எஞ்சின் மூன்று, ஒவ்வொன்றும் 2,000 குதிரைத்திறன். அடிபட்டாலும் சட்டென்று பந்தமாக எரியாது. உடம்பும் கூர்விளிம்பு இல்லாத உருண்டை, அதனால் முரட்டுக் கடலிலும் பிரிட்டிஷ் படகுகளைவிடச் சொகுசாக ஓடின. படகின் பின்முனையான அமரத்தில் பெரிய சுக்கானுக்கு இரண்டு பக்கமும் சின்னச் சுக்கான்கள் இரண்டு வைத்திருந்தார்கள், வேகத்தில் அவற்றை வெளிப்பக்கமாகத் திருப்பினால் பின்னால் எழும்பும் அலை தணிந்து படகு இன்னும் கொஞ்சம் முன்னே பாயும். ஒரு மெக்கானிக்காகப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. 1944 ஏப்ரல் 28 அதிகாலை இருட்டில், இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்லாப்டன் பக்கம் தரையிறங்கும் ஒத்திகைக்காகப் போய்க்கொண்டிருந்த அமெரிக்கக் கப்பல்கள் மேல் ஒன்பது எஸ் படகுகள் விழுந்தன, 749 அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஒன்பது படகு. அளவான எடையில் அவ்வளவு சக்தி தருகிற டீசல் பிரிட்டனிடம் அப்போது இல்லவே இல்லை. போர் முடிந்த பிறகு டெல்டிக் என்ற எஞ்சின் வந்துதான் அந்தக் குறை தீர்ந்தது.

இப்போது கென்னடிக்கு வருகிறேன், கட்டுரையில் பாதி அவர்தானே. 1943 ஆகஸ்ட் 2 நள்ளிரவுக்குப் பிறகு அவருடைய பி.டி. 109 படகை ஜப்பானிய நாசகாரி அமகிரி இடித்து இரண்டாகப் பிளந்தது, இது எல்லோருக்கும் தெரியும். ஏன் விலக முடியவில்லை? அந்தக் கடலில் இரவில் தண்ணீர் கலங்கினால் ஒளிரும், கவரு என்று மீனவர்கள் சொல்வது. வேகமாக ஓடினால் படகின் பின்னால் வெள்ளைக் கோடு போட்டது மாதிரி நீளமாக ஒளி தெரியும், மேலே சுற்றுகிற விமானம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்து குண்டு போடும். அதனால் நடு எஞ்சினை மட்டும் கியரில் வைத்து மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தார்கள். கப்பல் இருட்டிலிருந்து வெளிப்பட்டதும் முழு சக்தி கேட்டு எஞ்சின் அறைக்குச் சைகை போகிறது. அந்தப் படகில் கியர் போடுவது மேலே சக்கரம் பிடித்திருப்பவர் கையில் இல்லை, கீழே எஞ்சின் அறையில் இருப்பவர் கையால் போட வேண்டும். நான் எத்தனையோ முறை கீழே நின்று மேலிருந்து வரும் மணிக்காகக் காத்திருந்தவன். மணி கேட்டு, கை நீண்டு, கியர் விழுந்து, இழுவை ஏறி, ஐம்பது டன் படகு அசைவதற்குள் எத்தனை நொடி போகும் என்று எனக்குத் தெரியும். அந்த நொடிகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கீழே இருந்தவர் பெயர் பேட்ரிக் மக்மேன். எதிரிக் கப்பலை அவர் பார்க்கவே இல்லை, எஞ்சின் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் பிளந்து தீ உள்ளே வந்ததுதான் அவருக்குத் தெரிந்த முதல் செய்தி. முகமும் கையும் வெந்துபோய் எப்படியோ மேலே மிதந்து வந்தார். பதின்மூன்று பேரில் இரண்டு பேர் இறந்தார்கள், மற்றவர்கள் தீவுக்கு நீந்தினார்கள். மக்மேனுடைய மிதவை அங்கியின் பட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு கென்னடி சுமார் நாலு மணி நேரம் இழுத்துக்கொண்டு போனார். அதை எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் 'காயமுற்ற ஒரு வீரரை' என்று எழுதியிருக்கிறீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு போனார்கள் தெரியுமா? படகின் முன்தளத்தில் ஒரு 37 மில்லிமீட்டர் பீரங்கியைக் கட்டிவைக்க மரக்கட்டைகள் போட்டிருந்தார்கள், அந்தக் கட்டையை.

அந்தப் பீரங்கி ஏன் அங்கே வந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. டார்ப்பிடோ படகு என்று கட்டினார்கள், போன இடத்திலோ பெரிய கப்பல்களைவிடச் சரக்கும் ஆளும் ஏற்றிக் கரையோரமாக ஊர்கிற ஜப்பானியத் தட்டைப் படகுகள்தான் அதிகம். அவற்றின் அடி அவ்வளவு ஆழம் கிடையாது, டார்ப்பிடோ கீழே புகுந்து போய்விடும். ஆகவே கிடைத்த துப்பாக்கியையெல்லாம் பொறுக்கிக் கட்டிக்கொண்டார்கள், நொறுங்கிக் கிடந்த போர்விமானங்களிலிருந்து 37 மில்லிமீட்டர் பீரங்கிகளைக் கழற்றிப் பி.டி. படகில் பொருத்தினார்கள். டார்ப்பிடோவுக்கும் வேறு வியாதி இருந்தது. குழாயிலிருந்து வெடிமருந்து வைத்துத் தள்ளும்போது உள்ளே பூசியிருந்த கிரீஸ் பற்றிக்கொண்டு ஒரு ஜ்வாலை அடிக்கும், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று எதிரிக்கு விளக்குக் காட்டிய மாதிரி. அன்று இரவு போன 15 படகுகளில் ஒன்றின் டார்ப்பிடோகூட எதிரி மேல் படவில்லை. பிறகு குழாயையே எறிந்துவிட்டு, பக்கவாட்டில் உருட்டித் தண்ணீரில் தள்ளுகிற சட்டத்துக்கு மாறினார்கள். இதெல்லாம் போருக்கு நடுவே, படகில் இருந்தவர்களின் புகாரைக் கேட்டு நடந்த மாற்றங்கள்.

தினசரிப் பராமரிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லையே என்பதுதான் என் பெரிய ஆற்றாமை. வெப்பக் கடலில் மரப் படகை நிறுத்தினால் சில வாரத்தில் அடியில் கொட்டலசு என்கிற ஓட்டு உயிர் அப்பிக்கொள்ளும், பலகைக்குள் கப்பல்புழு துளைபோடும். அடியைச் சுரண்டிச் சாயம் பூசாவிட்டால் எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் வேகம் வராது, பெட்ரோல்தான் போகும். பவளப் பாறையில் ப்ரொப்பெல்லர் ஒரு இடி வாங்கினால் இதழ் வளைந்து தண்டு உதற ஆரம்பிக்கும், அந்த உதறல் தண்டுக் கூட்டின் அடைப்பைத் தின்னும், தண்ணீர் உள்ளே வரும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்று. ஆட்களுக்கும் இதே கதிதான். வேகப் படகு அலைக்கு அலை குதித்து விழும்போது முழங்காலை மடக்கி நிற்கத் தெரியாதவனுக்கு முதுகெலும்பு போய்விடும்.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு விஷயமும் விட்டுப்போயிருக்கிறது. 1944, 45-ல் பர்மாவின் அரக்கான் கரையில், அலையாத்திக் காடுகளுக்குள் பாம்பு மாதிரி வளைந்து போகிற ஓடைகளில், அன்றைய இந்தியக் கடற்படையின் மோட்டார் லாஞ்ச்கள் ஓடின. ராம்ரீ தீவிலிருந்து ஜப்பானியர்கள் தப்பிப் போகாமல் ஓடைவாய்களை மறித்து நின்றதும் இதுபோன்ற லாஞ்ச்கள்தான். 112 அடிப் படகை, இரண்டு பக்கமும் கிளை உரச, வற்றுப் பெருக்கு பார்த்து, தரைதட்டாமல் ஓட்டுவது திறந்த கடலில் 40 நாட் ஓடுவதைவிடக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். இதற்கு உங்கள் பத்திரிகை தனியாக ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

வியட்நாம் போர்ப் பகுதி பரவாயில்லை, அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட் படகு என்ற 50 அடி அலுமினியப் படகு, கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற படகிலிருந்து பிறந்தது. நதிகளில் ஓடிய 31 அடி பி.பி.ஆர். கண்ணாடியிழைப் படகு, உல்லாசப் படகின் உடம்பு. ப்ரொப்பெல்லர் கிடையாது, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சுகிற பம்பு, அதனால் முழங்கால் ஆழத்திலும் ஓடும், நின்ற இடத்திலேயே திரும்பும். ஆனால் நதியில் மிதக்கிற பாசியும் கொடியும் பம்பின் வாயை அடைத்துக்கொள்ளும். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலும் ஒருவன் குனிந்து கையைவிட்டு அதைப் பிடுங்கிப் போட வேண்டியிருக்கும். அந்த வேலைக்குப் பதக்கம் கொடுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

போர் முடிந்ததும் அந்தப் பி.டி. படகுகள் என்ன ஆயின என்று கட்டுரை சொல்லவில்லை. 1945 கடைசியில் பிலிப்பைன்ஸின் சமார் தீவுக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சின்கள், துப்பாக்கிகள், உபயோகமான சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு, உடம்புகளைக் கொளுத்திவிட்டார்கள். ஊருக்குத் திரும்பக் கொண்டுபோகிற செலவு கட்டுபடியாகவில்லை, மரம் வேறு அடிபட்டு ஓய்ந்துபோயிருந்தது. கணக்குப்படி சரியான முடிவுதான், எஞ்சினை முதலில் கழற்றினார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தியும் உண்டு. ஆனால் அந்த ரிவெட்டுகளை நினைத்தால், அதை அடித்தவர்கள் இதைப் பார்க்காதவரை நல்லது.

ஆக, அடுத்த இதழில் படக்குறிப்பு, வேகம், மெர்லின் மூன்றையும் திருத்திப் போடுங்கள். ஒட்டுப்பலகையையும் சேர்த்தால் நாலு. மக்மேன் பெயரையும் போட முடிந்தால் போடுங்கள். எல்கோ படகின் எஞ்சின் அறை வரைபடத்தின் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது, எண்ணெய்க் கறை பட்டது, ஆனாலும் நன்றாகத் தெரியும். வேண்டுமென்றால் தபாலில் அனுப்புகிறேன், அச்சுக்கு எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படகு மெக்கானிக்